குனிஞ்சே வாங்க, உத்திரம் இருக்கு

— குனிங்க! குனிங்க!

— ஐயோ!

— அவ்வளவுதான் தாயே, அப்படியே ரெண்டு எட்டு குனிஞ்சே வாங்க... ஆங், இப்ப நிமிருங்க. தலை தப்பிச்சுது.

— யாரு மேஸ்திரி இது? இப்படிக் காதுக்குள்ளயா கத்தறது!

— பயந்துட்டீங்களா மேடம்? இவர்தான் நம்ம குனியண்ணன். தையல் ரூமுக்கும் குடோனுக்கும் நடுவுல இந்த நடை இருக்கு பாருங்க, இதுல குறுக்கால ஒரு உத்திரம் தாழ்வா போகுது. மெத்தையைத் தலையில தூக்கிட்டு வர்றவங்களுக்கு எதிர்ல இருக்கறதே தெரியாது, இதுல மேல இருக்கறது எங்க தெரியப் போகுது? அதான் இவரு இங்க ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு. ஆளு வந்தா 'குனி'ம்பாரு. அவ்வளவுதான்.

— கத்தறதுக்குன்னே சம்பளத்துக்கு ஒரு ஆளா?

— கத்தறதுன்னு சொல்லாதீங்க தாயே. கத்தறது காக்கா. நான் எச்சரிக்கறேன்.

— சரிண்ணே, எச்சரிக்கறீங்க. நான் பாதுகாப்பு அதிகாரி. இந்த மெத்தைப் பட்டறையில யாருக்கு எங்க என்ன ஆபத்து வரும்னு பாத்து, வராம இருக்க வழி சொல்லணும்னு உங்க முதலாளி வரச் சொன்னாரு.

— அட, அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்!

— மச்சான், கொஞ்சம் சும்மா இருங்க. மேடம் படிச்சு வந்திருக்காங்க.

— படிக்கட்டும் மாப்ளே, நல்லது. ஆனா தொழில்னா தொழில்தான். தாயே, நீங்க சொல்லுங்க, ஒத்தை மெத்தை தூக்கிட்டு வர்றவனுக்கு என்ன சொல்லுவீங்க?

— குனின்னு சொல்லுவேன்.

— சரி. ரெட்டை மெத்தை?

— அதுக்கும் குனிதானே?

— பாத்தீங்களா மாப்ளே, அங்கதான் தப்பு நடக்குது! ரெட்டை மெத்தைன்னா 'குனீ...'ன்னு இழுக்கணும். அவன் குனிஞ்சு முடிக்கற வரைக்கும் என் சத்தம் அவன் கூடவே போகணும். பாதியில விட்டா பாதியில நிமிந்துருவான். தலையணை மூட்டைன்னா 'லேசா, லேசா'. கையில ஒண்ணும் இல்லாம போனைப் பாத்துட்டு வர்றவனுக்கு மட்டும் அவங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். டக்குனு குனிஞ்சிருவான்.

— முதலாளி வந்தா?

— 'நிமிந்தே வாங்க முதலாளி.' அவரு உசரம் அப்படி. குனியச் சொன்னா தரையிலதான் படுக்கணும்.

— உங்க மாப்பிள்ளை வந்தா?

— இவரு வந்தா 'நல்லா குனிங்க, இன்னும் குனிங்க, இன்னும்'னு மூணு தடவை சொல்லுவேன்.

— என் மேல மட்டும் அவருக்குத் தனிப் பாசம் மேடம். தங்கச்சி புருஷன் தலையாச்சே.

— எழுதிக்கறேன். இந்த வேலைக்கு எப்படிண்ணே வந்தீங்க?

— மூட்டை தூக்கத்தான் வந்தேன். வந்த அன்னைக்கே இடிச்சேன். மறுநாளும் இடிச்சேன். அதுக்கு மறுநாள் இடிச்சப்ப பழைய முதலாளி பாத்துட்டாரு. 'இந்த உத்திரத்தைப் பத்தி உன்னைவிட விவரம் தெரிஞ்சவன் எவன்டா இருக்கான்'னு சொல்லி, அவரே ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து போட்டாரு. அன்னைக்கு உக்காந்தவன்தான்.

— இங்க ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?

— பல்பு போயிடுச்சு மேடம். மாத்தணும். அதெல்லாம் பாத்துக்கலாம். வாங்க, லோடு ஏத்தற பக்கம் காட்டறேன். வெயில்ல நல்லா தெரியும். இங்க என்ன இருக்கு, உத்திரமும் மச்சானும். வாங்க, வாங்க.

— இருங்க மேஸ்திரி, இழுக்காதீங்க. ஏன் இப்படி ஓடறீங்க... ஐயையோ! வண்டி!

— ஒதுங்குங்க மேடம்! ஏய், பாத்து வாப்பா! ...ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நம்ம கைவண்டிதான். இந்த மூலையில திரும்பறப்ப வண்டி தள்றவருக்கு எதிர்ல ஆளு வர்றது தெரியாது.

— என் கால் விரல் மயிரிழையில தப்பிச்சுது! இங்க ஒருத்தர் நின்னு குரல் குடுக்க மாட்டாங்களா?

— இங்க எதுக்கு மேடம் ஆளு? எல்லாருக்கும் பழகிப்போச்சு. சக்கரம் கிறீச்சுன்னா குதிச்சிருவாங்க.

— எழுதிக்கறேன். அவசர வழி எங்க?

— இதோ, இந்த மெத்தை அடுக்குக்குப் பின்னாடி.

— அடைச்சு வச்சிருக்கீங்களே! தீப்பிடிச்சா ஆளுங்க எப்படி வெளிய போவாங்க?

— தீப்பிடிச்சா குதிப்பாங்க இல்லையா மேடம்? விழறதுக்கு மெத்தை வேணாமா?

— இது தரைத்தளம் மேஸ்திரி.

— ...அதுவும் சரிதான். எடுத்துடச் சொல்றேன்.

— தீயணைக்கற சிலிண்டர்?

— அந்தக் கதவு காத்துல படார் படார்னு அடிச்சுக்குது. அதுக்கு முட்டுக் குடுத்திருக்கோம்.

— மணல் வாளி?

— அது இருக்கு! ஆனா அதுல பூனை குட்டி போட்டிருக்கு. கண்ணு தொறந்ததும் காலி பண்ணிருவோம்.

— எழுதிக்கறேன்.

— பூனையையுமா?

— எல்லாத்தையும்தான். இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முதலாளி என்னைக் கூப்பிட்டதே முதுகுக்காக. நீங்க விக்கறது முதுகுவலி போக்கற மெத்தை. வாங்க வந்த கடைக்காரங்க உள்ள எட்டிப் பாத்தா, செய்யறவங்க அத்தனை பேரும் இடுப்புல கை வச்சு முனகிட்டு நிக்கறாங்களாம். ஆர்டரும் வேணாம் மெத்தையும் வேணாம்னு போயிட்டாங்களாம்.

— என்ன பண்றது மேடம், எல்லாருக்கும் வலி. அதான் முதலாளி மனசு எளகி, வலின்னு சொல்றவங்க சாம்பிள் மெத்தையில கொஞ்ச நேரம் படுத்துக்கலாம்னு சொல்லியிருக்காரு.

— அதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு வலி இருந்துச்சு?

— அதுக்கு முன்னாடி... எனக்கு மட்டும்தான். அந்தச் சலுகை வந்த மறுநாள் பாருங்க, காத்துல பரவின மாதிரி எல்லாருக்கும் வந்துருச்சு.

— ஓஹோ. அட, பேனா விழுந்துடுச்சு.

— இருங்க மேடம், நான் எடுத்து... அம்மாடி! உயிர் போகுதே!

— விடுங்க மேஸ்திரி, விடுங்க. அதோ, உங்க ஆளுங்களே எடுத்துட்டாங்க. பாத்தீங்களா? நாலு பேரு பாய்ஞ்சு குனிஞ்சு, ஒருத்தர் தலையை ஒருத்தர் முட்டிக்கிட்டு எடுக்கறாங்க. ஒரு முகத்துலயும் வலியைக் காணோம். நீங்க ஒருத்தர்தான் பாதி வழியில நின்னுட்டீங்க.

— திருட்டுப் பசங்க! எல்லாம் நடிப்பா!

— அவங்களுக்கு நடிப்பு, உங்களுக்கு நிஜம். வீட்ல ரொம்பக் குனிஞ்சு நிமிந்து வேலை செய்யறீங்களோ?

— வீட்லயா? நானா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து வீட்ல நான் குனிஞ்சதே இல்ல மேடம். துண்டு கீழ விழுந்தாக்கூட என் சம்சாரம்தான் வந்து எடுக்கணும். ஆனா தங்கமான மனுஷி. இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

— ஒரு வார்த்தைகூடவா?

— மூச்! சிரிச்சுக்கிட்டே எடுப்பா.

— அப்ப வலி இங்கதான் வந்திருக்கு. தையல் ரூமுக்கும் குடோனுக்கும் நாளெல்லாம் நடையா நடக்கறது நீங்க. ஒவ்வொரு தடவையும் அந்த உத்திரத்துக்குக் கீழ நல்லா குனி, இன்னும் குனின்னு ஆள் வளைஞ்சு போறீங்க. வெளங்குதா? உத்திரத்தை உசத்திட்டா உங்க முதுகு பொழைச்சுக்கும்.

— மேடம், உங்க கால்ல வேணா விழறேன். என்ன வேணா எழுதுங்க, பூனையை எழுதுங்க, சிலிண்டரை எழுதுங்க, என்னையே ஒரு ஆபத்துன்னு எழுதுங்க. அந்த உத்திரத்தை மட்டும் எழுதிடாதீங்க!

— ஏன்?

— உத்திரம் போச்சுன்னா மச்சான் வேலை போச்சு. அந்த ஸ்டூலை விட்டா அவருக்கு வேற என்ன தெரியும்? யார்கிட்டயும் வாய் விட்டு ஒண்ணு கேக்கற மனுஷன் இல்ல. சம்பளம் வாங்கின அன்னைக்கு என் பொண்ணுக்கு மிட்டாய் வாங்கிட்டு வருவாரு பாருங்க, அன்னைக்கு அவரு நடக்கற நடையே தனி. அதைப் போய் நான் எப்படி மேடம் பறிக்கறது? எனக்கு அவரைப் புடிக்கும். சொல்லிட்டேன், போங்க.

— புரியுது மேஸ்திரி.

— இன்னொண்ணும் இருக்கு. அவரு எங்க வீட்லதான் இருக்காரு. வேலை இல்லேன்னா நாளெல்லாம் அங்கயே உக்காந்திருப்பாரு. வாசப்படிக்கு ஒரு 'குனி', சமையல்ரூமுக்கு ஒரு 'குனி'. போன லீவுல கட்டிலுக்குப் போறவரைக்கும் சொன்னாரு. நான் என்ன ஆவேன்?

— நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா ஆபத்தைச் சமாளிக்க ஒரு முறை இருக்கு. மொதல்ல அதை அடியோட எடுத்துடப் பாக்கணும். முடியலையா, ஆள் மேல படாம மறைக்கணும். எதுவுமே முடியலேன்னாத்தான் ஒருத்தரை நிறுத்தி ஜாக்கிரதைன்னு சொல்ல வைக்கறது. நீங்க கடைசியில செய்ய வேண்டியதை மொதல்லயே செஞ்சுட்டு உக்காந்திருக்கீங்க.

— உக்காந்திருக்கறது மச்சான்தானே மேடம்.

— உத்திரத்தை உசத்த வேண்டாம். ஒரு பஞ்சு பொதியை அதுல சுத்திக் கட்டிருவோம். மெத்தைப் பட்டறையில அதுக்கா பஞ்சம்?

— உத்திரத்துக்கு மெத்தையா? ஊரே சிரிக்கும்!

— சிரிக்கட்டும், தலை உடையாதே. வாங்க, நடைக்குப் போய் அளவெடுப்போம்.

— இப்பவா? நாளைக்குப் பாத்துக்கலாம் மேடம். ஏணி வேற இல்ல.

— அதோ சாத்தி வச்சிருக்கே.

— அது... அதுல பாதி படி ஆடும்.

— எழுதிக்கறேன். ஏணி வேணாம், இந்த அளவுக் கழி போதும்.

— அதுவும் ஆடும்!

— கழி எப்படி மேஸ்திரி ஆடும்? நகருங்க. அண்ணே! குனியண்ணே!

— குனிங்க தாயே! குனிங்க!

— குனிஞ்சுட்டேண்ணே. உங்களுக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கே, போய் நம்ம மூணு பேருக்கும் டீ வாங்கிட்டு வாங்களேன்.

— நான் எந்திரிச்சா இங்க யாரு பாக்கறது?

— நான் பாத்துக்கறேன். ஒரே தொழில்தானே.

— அதுவும் சரி. ரெட்டை மெத்தை வந்தா இழுக்க மறந்துடாதீங்க. மாப்ளே, உங்களுக்குச் சக்கரை வேணாம்தானே? தங்கச்சி சொல்லியிருக்கா. போயிட்டு வந்துடறேன்.

— போயிட்டாரா? சரி, இந்தக் கழியைப் புடிங்க மேஸ்திரி. என்னது, கையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க?

— குளிருது.

— இந்தப் புழுக்கத்துலயா? குடுங்க, நானே பாக்கறேன். உத்திரம் இங்கதானே? ...இல்லையே. இன்னும் கொஞ்சம் தள்ளியா? ...இங்கயும் இல்ல. கழியை முழுசா நீட்டிட்டேன், எதுலயும் முட்டல.

— கழி குட்டை மேடம்.

— தலையில இடிக்கற உத்திரத்துக்குக் கழி குட்டையா? இருங்க, என் பையில டார்ச் இருக்கு.

— டார்ச் வேணாம்! மேடம், கண்ணு கூசும்! பல்லி பயப்படும்!

— மேஸ்திரி.

— சொல்லுங்க.

— மேல தகரக் கூரை தெரியுது.

— ஆமாங்க.

— ரெண்டு ஆள் உசரத்துல இருக்கு.

— ஆமாங்க.

— நடுவுல ஒண்ணுமே இல்ல. உத்திரம் எங்க?

— மெதுவாப் பேசுங்க மேடம், புண்ணியமா போகும். அது போயி எவ்வளவோ காலம் ஆச்சு.

— போயாச்சா! நான் ரெண்டு தடவை குனிஞ்சேனே! எந்த உத்திரத்துக்குக் குனிஞ்சேன்?

— கூரை ஒழுகுதுன்னு மாத்தினோம் மேடம். முதலாளி ஊர்ல இல்ல, நான்தான் கூட நின்னேன். இரும்புக் கம்பி போட்டாச்சு, இனி இது எதுக்குன்னு வேலைக்காரங்க உத்திரத்தைக் கழட்டிட்டாங்க. அன்னைக்கு மச்சான் லீவு. மறுநாள் வந்து அவரு பாட்டுக்கு ஸ்டூல்ல உக்காந்தாரு. மொதல்ல நடையில வந்தது நான். சொல்லிடலாம்னு வாயைத் தொறக்கறேன், அதுக்குள்ள 'குனிங்க மாப்ளே'ன்னாரு. அந்தக் குரல்ல என்ன அக்கறை தெரியுமா மேடம்? எனக்கு மனசு வரல. குனிஞ்சுட்டேன்.

— மத்தவங்க?

— எனக்குப் பின்னாடி வந்தவங்க நான் குனியறதைப் பாத்துக் குனிஞ்சாங்க. அப்புறமா எல்லார்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன். பல்பையும் நான்தான் கழட்டினேன்.

— முதலாளி?

— அவரு அண்ணாந்து பாத்ததே கிடையாது. அவருக்கு அந்த உத்திரம் இருந்தப்பவும் ஒண்ணுதான், இல்லாதப்பவும் ஒண்ணுதான்.

— உங்க மச்சானுக்குமா தெரியல?

— அவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். வர்றவங்க தலையையே பாத்துட்டிருப்பாரு. மேடம், எழுதிடாதீங்க. இத்தனை நாளா இல்லாத ஒண்ணுக்காகக் கத்திட்டிருந்தோம்னு தெரிஞ்சா அவரு ஒடஞ்சு போயிடுவாரு.

— அடப்பாவமே! இல்லாத உத்திரம் உங்களை இடிக்காது மேஸ்திரி. அதுக்காகக் குனிஞ்சு குனிஞ்சே முதுகைப் போக்கிட்டீங்க. இந்தப் பட்டறையிலயே பெரிய ஆபத்து என்ன தெரியுமா? 'குனி'ங்கற அந்த எச்சரிக்கைதான்! நான் எங்க போய் இதை எழுதறது? எந்தக் கட்டத்துல எழுதறது?

— எழுதவே வேணாம்ங்கறேன்.

— எழுதத்தான் போறேன். ஆனா உங்க மச்சானுக்கு வேலை போகாது. கைவண்டி என் கால் மேல ஏறப் பாத்த மூலை இருக்கே, அங்க போடுவோம் அந்த ஸ்டூலை. அங்க வளைவுல ஒரு கண்ணாடி மாட்டச் சொல்லுவேன், ஆனாலும் லோடு ஏத்தற லாரி ரிவர்ஸ்ல வர்றப்ப ஆள் நின்னுதான் ஆகணும். இவ்வளவு பெரிய தொண்டையை இங்க வச்சு வீணாக்கறீங்க.

— நெஜமாவா மேடம்? சம்பளம்?

— அதே சம்பளம். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு, உத்திரம் இல்லைங்கற விஷயத்தை அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும்.

— நானா? நீங்க சொல்லுங்களேன். படிச்சவங்க, பதமா சொல்லுவீங்க.

— அவரு உங்க மச்சான். அதோ வந்துட்டாரு.

— டீ, டீ, சூடு! தாயே, நான் போனதுல இருந்து யாராச்சும் இடிச்சாங்களா?

— யாரும் இடிக்கலண்ணே. மேஸ்திரி உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்.

— மச்சான்... டீயைக் கீழ வைங்க. நீங்களும் உக்காருங்க. மனசைத் திடப்படுத்திக்கங்க. நம்ம உத்திரம் இருக்கில்ல...

— எது, கூரை மாத்தினப்ப கழட்டினீங்களே, அதுவா?

— ஆங்?!

— ஏன் மாப்ளே அப்படி முழிக்கறீங்க? டீ சிந்துது பாருங்க. நாள் பூரா ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், கொட்டாவி விட்டா அண்ணாந்துதானே விடணும்? அப்ப தெரியாதா, மேல என்ன இருக்கு என்ன இல்லைன்னு?

— அப்ப உங்க கண்ணு மங்கல்?

— கண்ணாடி வாங்கிட்டேனே, நீங்க வர்றப்ப மட்டும் கழட்டி வச்சுருவேன். தங்கச்சிதான் கூட்டிட்டுப் போனா.

— அண்ணே, அப்ப இத்தனை நாளும் எல்லாரையும் சும்மாவா குனிய விட்டீங்க?

— எல்லாரையும் எங்க தாயே? அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவரு பக்கத்துல இருந்தாத்தான் நான் சத்தம் போடுவேன், அவங்களும் லேசா தலையை ஆட்டிட்டுப் போவாங்க. இவரு அந்தப் பக்கம் போயிட்டா எல்லாரும் ராஜா மாதிரி நிமிந்து நடப்பாங்க. இவரு ஒருத்தர்தான் நெஜமா குனிஞ்சுட்டிருந்தாரு.

— மச்சான்! உங்களுக்காக நான் முதுகையே குடுத்திருக்கேன் மச்சான்! தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு கையெல்லாம் எரியுது! தெரிஞ்சுக்கிட்டே ஏன் கத்தினீங்க? அதுவும் என்னைப் பாத்தா மட்டும் மூணு மூணு தடவை!

— கோவப்படாதீங்க மாப்ளே. உத்திரம் போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே, இனி எனக்கு அங்க வேலை இல்ல, நின்னுடறேன்னு தங்கச்சிகிட்ட சொன்னேன். அவ கீழ கெடந்த உங்க துண்டைக் குனிஞ்சு எடுத்துக்கிட்டே சிரிச்சா. 'நிறுத்திடாதேண்ணே, வீட்லதான் இந்த மனுஷன் எதுக்கும் குனிய மாட்டாரு, அங்கயாவது நாளெல்லாம் குனியட்டும், நீ நல்லா சத்தமா சொல்லு'ன்னா.